நாலு புள்ளி வைத்த பிளேடு

காலை ஒன்பதே காலுக்கு ஒரு பெண் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். உட்காரச் சொல்வதற்கு முன்பே உட்கார்ந்துகொண்டு, "எங்க வீட்டுக்காரர் பேரைக் காப்பாத்தணும். சாயங்காலம் நாலு மணிக்குள்ள," என்றார்.

"பேருக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டேன். இந்த மாதிரிக் கேள்விகளைக் கேட்பதற்காகத்தான் எனக்கு அங்கே ஒரு நாற்காலி போட்டிருக்கிறது.

அலுவலகம் என்றால் எங்கள் வீட்டின் முன் அறை. துப்பறிவாளர் என் அண்ணி. இருபது வருடம் ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் உட்கார்ந்து, ஊரார் எழுதிக் கொடுத்த பொய்களைப் படித்து, கையெழுத்துப் போட மறுத்தவர். நான் உதவியாளர். அதற்கு முன்பு பதினேழு வருடம் டிரைவிங் ஸ்கூலில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பிரேக் மிதித்தேன். இரண்டு வேலைக்கும் பெரிய வித்தியாசமில்லை. வண்டியை ஓட்டுவது வேறு ஆள், வியர்ப்பது நான்.

வந்தவரின் கணவர் சாணைக்காரர். கத்தி, கத்தரிக்கோல் சாணை இல்லை. மரப் பட்டறைகளில் சுழலும் வட்ட ரம்ப பிளேடுகளுக்குச் சாணை பிடிப்பவர். பதினோரு வருடத் தொழில். இதுவரை ஒரு வாடிக்கையாளரின் பிளேடைக்கூடக் கெடுத்ததில்லை என்பதுதான் அவர் சொத்து.

"போன திங்கக்கிழமை சாணை பிடிச்ச ஒரு பிளேடு பட்டறைக்குப் போச்சு. வியாழக்கிழமை அதுல ஒரு பல்லு பிச்சுக்கிட்டுப் பறந்து, மெஷின் ஓட்டுறவர் கன்னத்தைக் கிழிச்சிடுச்சு. சாணை சரியில்லைன்னு பட்டறை முதலாளி சொல்றார். இன்னிக்கு நாலு மணிக்குப் பட்டறைக்காரங்க சங்கம் கூடுது. இனிமே எங்ககிட்ட யாரும் பிளேடு குடுக்கக் கூடாதுன்னு முடிவு பண்ணப் போறாங்க."

"உங்க வீட்டுக்காரர் என்ன சொல்றார்?"

"என் பல்லு பறக்காதுன்னு மட்டும் சொல்றார். மூணு நாளா அதைத் தவிர வேற எதுவும் பேசலை. சாப்பிடவும் இல்லை."

அண்ணி பேனாவை மூடினார். "நாங்க எதைக் கண்டுபிடிக்கணும்?"

"அந்தப் பல்லு எப்படி ஒடிஞ்சுதுன்னு." அந்தப் பெண் கைப்பையின் வாரை விரலில் சுற்றினார். "தானா ஒடிஞ்சுதா, இல்ல யாராவது வேணும்னே செஞ்சாங்களான்னு."

"வேணும்னே செய்ய யார் இருக்கா?"

"எதிர்க் கடையில அவரோட அண்ணன் இருக்கார். புது பிளேடு விக்கிறவர். ரெண்டு பேரும் பேசி ஆறு வருஷம் ஆச்சு."

ஒருவர் பழையதைத் தீட்டுகிறார். அவருடைய அண்ணன் எதிரிலேயே புதியதை விற்கிறார். இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. வழக்கு முடிந்துவிட்டது என்று நினைத்து நான் செருப்பைத் தேடவில்லை. அண்ணி தேடினார்.

"வாங்க தம்பி. முடிஞ்சுதுன்னு நீங்க நினைக்கிறது மூஞ்சியிலயே தெரியுது. முடியலை."

*

பட்டறை ஒரு பழைய கிடங்கு. உள்ளே நுழைந்ததும் மூக்குக்குள் மரத்தூள் போய்க் குடியேறியது. நடுவில் இரும்பு மேஜை, அதன் பிளவிலிருந்து பிளேடு எட்டிப்பார்க்கும் அறுவை மெஷின். இப்போது பிளேடு இல்லை. மெஷின்காரர் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வலது கண்ணுக்கு இரண்டு விரற்கடை கீழே, கன்னத்தில் ஆறு தையல். அந்த இரண்டு விரற்கடையைப் பார்த்ததும் எனக்கு விளையாட்டுப் புத்தி கொஞ்சம் அடங்கியது.

முதலாளி உயரமானவர். கோபத்தில் இன்னும் உயரமாகத் தெரிந்தார். அட்டைப் பெட்டியைத் திறந்து பிளேடை எடுத்து மேஜை மேல் வைத்தார்.

"பாருங்க. இவரு கண்ணு போயிருந்தா யாரு குடுப்பா?"

சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு எஃகுத் தட்டு. விளிம்பில் அறுபது பல். ஒவ்வொரு பல்லின் முனையிலும் சின்னதாக ஒரு கார்பைடு துண்டைப் பற்றவைத்திருந்தார்கள். மரத்தை அறுப்பது அந்தத் துண்டுதான். ஓரிடத்தில் மட்டும் அது பாதி உடைந்து, மிச்சம் பொக்கையாக இருந்தது.

"இந்தப் புள்ளிங்க என்ன?" அண்ணி தட்டின் நடுத்துளைப் பக்கம் காட்டினார். குத்தூசி வைத்து அடித்த மாதிரி வரிசையாக நான்கு புள்ளிகள்.

"சாணை பிடிக்கிறப்ப எல்லாம் ஒரு புள்ளி குத்துவான். நாலு புள்ளின்னா நாலாவது சாணை. ரெண்டு வருஷமா ஓடுற பிளேடு. நான் அப்பவே சொன்னேன், தேய்ஞ்சதைத் தூக்கிப் போடுங்கன்னு. இவருதான் கேக்கலை."

மெஷின்காரர், தையல் இழுக்காத பக்கமாகப் பேசினார். "அவர் சாணை நல்லா இருக்கும் சார். இல்லைன்னா நான் ஏன் அவர்கிட்டயே குடுக்கச் சொல்லப் போறேன்?"

அண்ணி பிளேடைத் திருப்பினார். புள்ளிகளுக்கு நேர் பின்னால், பளபளப்பான பூச்சில் சின்னச் சின்னக் கீறல்கள், ஒன்று இப்படியும் ஒன்று அப்படியுமாக. நெல்மணியைப் பரப்பி மேலே அழுத்தி எடுத்த மாதிரி.

"இது என்ன டிசைன்?" என்றேன்.

"தெரியாது. பிளேடு அறுத்தா சரி, அழகு எதுக்கு?" என்றார் முதலாளி.

அண்ணி அதற்குமேல் பிளேடைப் பார்க்கவில்லை. சுவரோரம் அடுக்கியிருந்த டிராயர்களிடம் போய், ஒவ்வொன்றாக எடுத்து ஆட்டிப்பார்க்க ஆரம்பித்தார். ஒட்டாமல் சும்மா பொருத்தி வைத்த டிராயர்கள். முதலாளி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். எங்கள் தொழிலில் இது ஒரு முக்கியமான கட்டம்.

பதினோரு டிராயர் சத்தம் போடவில்லை. பன்னிரண்டாவது லொடலொடவென்று ஆடியது. பதிமூன்றும் ஆடியது. பதினான்கும்.

"இந்த மூணு மட்டும் ஏன் ஆடுது?"

"அடிப்பலகை மெலிசா வந்திடுச்சு. கடையில ஏமாத்திட்டான்," என்றார் முதலாளி.

டிராயரின் பக்கப் பலகைகளில் பிளேடால் ஒரே இழுப்பில் நீளப் பள்ளமாக ஒரு காடி வெட்டி, அந்தக் காடிக்குள் அடிப்பலகையைச் செருகுவார்கள். அண்ணி பன்னிரண்டாவது டிராயரின் அடிப்பலகையை உருவி ஐந்தாவது டிராயரின் காடியில் வைத்தார். அது போகவில்லை. உள்ளங்கையால் இரண்டு தட்டு தட்டிய பிறகு, விருப்பமில்லாத மாப்பிள்ளை மாதிரி உள்ளே போய் உட்கார்ந்தது.

"பலகை மெலிசு இல்லை. காடிதான் அகலம்," என்றார் அண்ணி. "பன்னண்டாம் நம்பர் எப்ப அறுத்தீங்க?"

மெஷின்காரர் யோசித்தார். "வியாழக்கிழமை. சாணைக்குப் போன பிளேடு வந்ததும் மாட்டினேன். பன்னண்டு, பதிமூணு, பதினாலு. பதினஞ்சாவதுல பல்லு பறந்துச்சு."

"முதல் பதினொண்ணு?"

"அதே பிளேடுதான். சாணைக்குப் போறதுக்கு முன்னாடி."

"சாணை பிடிச்சா பல்லு என்ன ஆகும்?"

"மயிரிழை தேயும். ஒவ்வொரு தடவையும் காடி கொஞ்சம் குறுகும்."

"குறுகணும். இங்க அகலமாயிருக்கு." அண்ணி என் பக்கம் திரும்பினார். "தம்பி, பல்லு வளருமா?"

"ஆறு வயசுல வளரும் அண்ணி. அறுபது பல்லு இருக்கிறவங்களைப் பத்தித் தெரியாது."

மெஷின்காரர் எழுந்து வந்து பிளேடைக் கையில் வாங்கினார். கட்டைவிரலால் ஒரு பல்லைத் தடவினார். இன்னொன்று. முகம் மாறியது.

"பல்லு முழுசா இருக்கே! இது நாலு சாணை பார்த்த பல்லு இல்ல. ஒரு சாணைகூடப் பார்க்கலை. மாட்டுற அவசரத்துல நான் புள்ளியை எண்ணினேன், பல்லைப் பார்க்கலை."

"புத்தம் புது பிளேடு. புள்ளி மட்டும் பழசு," என்றேன். புதியதாகப் பூச்சடித்துப் பழையதை விற்பவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். டிரைவிங் ஸ்கூல் கார்கள் எல்லாமே அப்படித்தான். புதியதைப் பழையதாக்கி ஏமாற்றும் ஆளை இப்போதுதான் கேள்விப்படுகிறேன்.

வந்த வேலை முடிந்தது என்றுதான் நினைத்தேன். சாணை பிடிக்காத பிளேடுக்குச் சாணைக்காரர் எப்படிப் பொறுப்பாவார்? ஆனால் முதலாளி இன்னும் ஓர் அங்குலம் உயர்ந்தார்.

"ஓகோ! அப்ப என் நல்ல பிளேடை அமுக்கிட்டு, ஏதோ குப்பையைப் புள்ளி வெச்சு அனுப்பியிருக்கான். நான் அவனை வேலை தெரியாதவன்னு நினைச்சேன். திருடன்!"

பேரைக் காப்பாற்ற வந்து, இருந்த பேரையும் மாற்றி எழுதிக் கொடுத்துவிட்டோம்.

"பிளேடை நாலு மணி வரைக்கும் எங்ககிட்ட குடுங்க," என்றார் அண்ணி.

"திரும்பி வரும்னு என்ன உத்தரவாதம்?"

"என் கொழுந்தனாரோட ஸ்கூட்டர் சாவியை வெச்சுக்கோங்க."

வாழ்க்கையில் என்னிடம் யாரும் கேட்காமலே எடுத்துக்கொண்ட பொருள்களின் பட்டியலில் அதுவும் சேர்ந்தது. நடந்து போனோம்.

*

சாணைக்காரரின் கடை முகப்பில், 'தூக்கிப் போடாதீர்கள், கொண்டு வாருங்கள்' என்று ஒரு பலகை. நேர் எதிரே தெருவின் மறுபக்கம் இருந்த கடையில், 'தேய்ந்ததை விடுங்கள், புதியதை வாங்குங்கள்' என்று அதைவிட ஒரு சாண் பெரிய பலகை. இரண்டுக்கும் நடுவில் இருபது தப்படி தெரு. அந்த இருபது தப்படியைத்தான் ஆறு வருடமாக இருவரும் தாண்டவில்லை.

சாணைக்காரர் ஒல்லியான மனிதர். மூன்று நாள் பட்டினி கன்னத்தில் தெரிந்தது. முதலாளி போனில் திட்டினாரே தவிர, உடைந்த பிளேடை இவர் கண்ணில் காட்டவில்லை. அண்ணி அதைக் கையில் கொடுத்ததும் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். கடிகாரத்தில் முள் ஐந்து தடவை துடித்திருக்கும்.

"இது என் கையில வந்ததே இல்லை," என்றார்.

"புள்ளி உங்களுது."

"என்னுது இல்லை. முதல் புள்ளி ரெண்டு வருஷத்துக்கு முந்தி குத்தினது. அதுல பிசினும் தூசியும் ஏறிக் கறுத்திருக்கும். இங்க நாலும் ஒரே பளபளப்பு. ஒரே நாள்ல ஒரே மூச்சுல குத்தியிருக்காங்க." நகத்தால் ஒரு புள்ளியைத் தடவினார். "எவ்வளவு ஆழம் பாருங்க. எங்க வீட்ல புள்ளி குத்துறது அவதான். எறும்பு கடிச்ச மாதிரி குத்துவா. இவன் சுவத்துல ஆணி அடிச்சிருக்கான்."

அவர் மனைவி எங்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்தார். அறையின் மூலையில், பிளேடுகளைத் துடைத்துக் கட்டும் இடத்தில், கம்பளித் துணி சுற்றிய ஒரு மரக்கட்டை இருந்தது. பக்கத்தில் புள்ளி குத்தும் இரும்புப் பஞ்ச் ஒன்று, விளையாட்டுச் சாமான் மாதிரி ஒரு சின்னச் சுத்தியல்.

"புள்ளி குத்துறது அந்தக் கட்டை மேலயா?" அண்ணி கேட்டார்.

"எதைச் செஞ்சாலும் கட்டை மேலதான். கார்பைடு ஒரு தினுசு. கல்லு மாதிரி கெட்டி, ஆனா குணம் கண்ணாடி குணம். மரத்தை நாள் பூரா அறுக்கும், தரையில ஒரு தடவை விழுந்தா போச்சு."

"திங்கக்கிழமை சாணை பிடிச்ச பிளேடைக் கட்டி அனுப்பினது யாரு?"

"அவதான். நான் சாணையை முடிச்சு வெச்சுட்டு அன்னிக்கு ராத்திரியே காய்ச்சல்ல படுத்தேன். புதன்கிழமைதான் எந்திரிச்சேன். நான் முடிச்ச பிளேடு நல்ல பிளேடு. நடுவுல மாத்தியிருக்காங்க." தெருவைப் பார்த்தார். எதிர்க் கடையைப் பார்க்கவில்லை. ஆறு வருடப் பழக்கத்தில் பார்வை தெரு நடுவோடு நின்றுவிட்டது. "யாருன்னு நான் சொல்ல மாட்டேன். சொல்லி என்ன ஆகப்போகுது?"

"உங்களுக்கும் உங்க அண்ணனுக்கும் அப்படி என்ன சண்டை?" என்றேன் நான்.

"ஒரே கடையாத்தான் இருந்தோம். ஒருத்தர் ஒரு பிளேடு கொண்டு வந்தார். இன்னும் ரெண்டு சாணை தாங்கும்னு நான் சொன்னேன். தாங்காது, புதுசு வாங்குங்கன்னு அவன் சொன்னான். வாடிக்கையாளர் முன்னாடியே உனக்கு என்னடா தெரியும்னு கேட்டான்."

"யார் சொன்னது சரி?"

"அந்த ஆளு எங்க சண்டையைப் பார்த்துட்டு வேற கடைக்குப் போயிட்டார்."

*

இருபது தப்படியை நாங்கள் பதினெட்டில் கடந்தோம்.

எதிர்க் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் புது பிளேடுகள் மின்னின. அண்ணன்காரர் தம்பியைப் போலவே இருந்தார், இரண்டு மடங்கு அகலத்தில். கடைக்கல்லாவுக்கு முன்னால் நீளமான ஒரு மேடை. நான் வழக்கம்போல அதில் முழங்கையை ஊன்றி, முகத்தில் சந்தேகத்தை வரவழைத்துக்கொண்டேன்.

"இந்த பிளேடு உங்க கடையில வாங்கினதா?" அண்ணி கேட்டார்.

அவர் பார்க்காமலே சொன்னார். "ஊர் பூரா என் பிளேடுதான் ஓடுது. எதைன்னு சொல்றது?"

"உங்க தம்பி பேரு இன்னிக்கு நாலு மணிக்குக் கெடப்போகுது, தெரியுமா?"

"தீட்டித் தீட்டிக் குடுத்தா கெடாம என்ன செய்யும்?" குரல் கறாராகத்தான் இருந்தது. ஆனால் கை, துடைத்த இடத்தையே மறுபடி மறுபடி துடைத்துக்கொண்டிருந்தது.

ஆள் சிக்கிவிட்டான் என்று நான் நிமிர்ந்தேன். முழங்கை எரிந்தது. பார்த்தால், தோலில் நெல்மணி நெல்மணியாகப் பள்ளம், ஒன்று இப்படியும் ஒன்று அப்படியுமாக. மேடை மேல் போட்டிருந்தது வழுக்காமல் இருக்கப் படிக்கட்டுகளில் அடிப்பார்களே, அந்தப் புடைப்புத் தகடு. பிளேடின் பின்பக்கத்தில் இருந்த அதே டிசைன் இப்போது என் முழங்கையில்.

முழங்கையை அண்ணியிடம் காட்டினேன். என் பதவிக் காலத்தில் நான் கண்டுபிடித்த முதல் தடயம் அது. அண்ணி தலையை மட்டும் அசைத்தார்.

"அண்ணே, ஒரு சின்ன உதவி," என்றார் கடைக்காரரிடம். "எங்க தம்பிக்கு பெல்ட்ல ஓட்டை போதலை. இன்னொண்ணு போட்டுத் தர முடியுமா?"

எனக்கு பெல்ட்டில் ஓட்டை தாராளமாக இருந்தது. ஆனாலும் கழற்றிக் கொடுத்தேன். அவர் மேடைக்கு அடியிலிருந்து துளை குத்தும் இரும்புப் பஞ்ச் ஒன்றையும், தேங்காயே பயப்படும் அளவுக்கு ஒரு சுத்தியலையும் எடுத்தார். பெல்ட்டை இரும்பின் மேல் போட்டார். ஒரே அடி. கண்ணாடிப் பெட்டிக்குள் அத்தனை பிளேடும் சேர்ந்து கிணுகிணுத்தன.

அண்ணி பெல்ட்டைப் பிளேடின் பக்கத்தில் வைத்தார். பெல்ட்டில் இருந்த ஓட்டைக்கும் பிளேடில் இருந்த புள்ளிக்கும் ஒரே வட்டம்.

"இவன் சுவத்துல ஆணி அடிச்சிருக்கான்னு உங்க தம்பி சொன்னார்," என்றார் அண்ணி. "அடிச்சது நீங்கன்னு அவருக்குத் தெரியாது. நாலு புள்ளியும் இந்த மேடை மேல வெச்சுத்தான் குத்தியிருக்கு. பின்னாடி தடம் இருக்கு."

அவர் சுத்தியலை மெதுவாகக் கீழே வைத்தார். தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு தடவை பார்த்தார். "கதவைச் சாத்துங்க," என்றார்.

நான் சாத்தப் போனேன். அதற்குள் பின்கட்டு வழியாக இன்னொருவர் உள்ளே வந்துவிட்டார். காலையில் எங்களைத் தேடி வந்த அதே பெண், சாணைக்காரரின் மனைவி. கையில் ஒரு துணிப்பை.

"மாமா, எனக்கு ஒண்ணுதான் தெரியணும்," என்றார். "தெரிஞ்சேதான் கெட்ட பிளேடைக் குடுத்தீங்களா?"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அண்ணிக்குப் புரிந்திருந்தது என்பது, அவர் அந்தப் பெண்ணுக்கு ஸ்டூலை நகர்த்திப் போட்ட விதத்தில் தெரிந்தது.

"காலையிலயே எனக்கு ஒரு சந்தேகம்," என்றார் அண்ணி. "வீட்டுக்காரர் நல்லாத்தான் சாணை பிடிச்சார்னு நிரூபிங்கன்னு நீங்க கேக்கவே இல்லை. பல்லு எப்படி ஒடிஞ்சுதுன்னு மட்டும் கேட்டீங்க. அது அவர் சாணை பிடிச்ச பிளேடு இல்லைன்னு உங்களுக்குத் தெரியும்."

அந்தப் பெண் பையைத் திறந்தார். உள்ளே ஒரு பிளேடு. கறுத்த மூன்று புள்ளிகள், நான்காவது மட்டும் புதிது. விளிம்பில் ஓரிடத்தில் வரிசையாக ஐந்து பல் முனை இல்லாமல் இருந்தது.

"செவ்வாய்க்கிழமை துடைச்சுக் கட்டுறப்ப என் கையிலருந்து நழுவிடுச்சு. சிமென்ட் தரை. உள்ள அவருக்குக் காய்ச்சல். பதினோரு வருஷத்துல ஒரு பிளேடு கெட்டதில்லைன்னு பெருமையாச் சொல்லிக்கிட்டிருக்கிற மனுஷன்கிட்ட நான் எப்படிப் போய்ச் சொல்லுவேன்? மாமாகிட்ட வந்து அழுதேன்."

"இந்தப் பொண்ணு இந்தக் கடைப் படியேறி ஆறு வருஷம் ஆச்சு," என்றார் அண்ணன்காரர். "நான் இருக்கிறதுலயே நல்ல பிளேடை எடுத்துக் குடுத்தேன். கண்ணாடிப் பெட்டியில நடுவுல வெச்சிருந்தது. புள்ளி இல்லைன்னா பட்டறைக்காரன் கண்டுபிடிச்சிடுவான்னு சொல்லிச்சு. அதுக்குக் கை நடுங்குது. அவன் எந்திரிச்சு வந்துடுவானான்னு நீ வாசல்ல நின்னு பாரும்மா, நான் அடிக்கிறேன்னேன். என் தம்பிக்காக எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்." அந்தப் பெண்ணைப் பார்த்தார். "கெட்டதைக் குடுப்பேனா? அவன் என் தம்பிம்மா."

அந்தப் பெண் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். மூன்று நாளாகப் பட்டினி கிடந்தவர் அவர் கணவர் மட்டுமில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. நம்பிப் போன ஒரே ஆளையும் சந்தேகப்பட்டுக்கொண்டு, யாரிடமும் வாய் திறக்க முடியாமல் இருந்திருக்கிறார். ஒரு துப்பறிவாளர் வந்து தானாகக் கண்டுபிடித்தால் தேவலை என்று எங்களிடம் வந்திருக்கிறார்.

"நல்ல பிளேடுன்னா பல்லு ஏன் ஒடிஞ்சுது?" என்றேன்.

"அதான் எனக்கும் புரியலை. புதுசு ஒடியாதே."

"அதைச் சொல்லக்கூடிய ஆள் எதிர்க் கடையில இருக்கார்," என்றார் அண்ணி.

"அவருக்கு மட்டும் தெரிய வேணாம்," என்றார் அந்தப் பெண் அவசரமாக.

"அம்மா, நீங்க பேரைக் காப்பாத்தச் சொன்னீங்க. இப்ப ரகசியத்தைக் காப்பாத்தச் சொல்றீங்க. ரெண்டுல ஒண்ணுதான் முடியும். மணி மூணு இருபது."

*

நாலு மணிக்குப் பட்டறையில் இருபத்திரண்டு பேர் பலகை அடுக்குகள் மேல் உட்கார்ந்திருந்தார்கள். சாணைக்காரரை நான்தான் கையோடு அழைத்து வந்திருந்தேன். கடைசி வரிசையில், தூக்குத் தண்டனை கேட்க வந்தவர் மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். முதலாளி 'திருடன்' என்ற சொல்லை மூன்றாவது தடவை சொல்லும்போது வாசலில் அண்ணி வந்தார். பின்னால் அந்தப் பெண். அவருக்கும் பின்னால், கதவை முழுக்க அடைத்துக்கொண்டு அண்ணன்காரர்.

சாணைக்காரர் தரையைப் பார்த்தார்.

அண்ணி சுருக்கமாகத்தான் பேசினார். டிராயரை ஆட்டிக் காட்டினார். புள்ளியைக் காட்டினார். என் பெல்ட்டைக் காட்டினார். இருபத்திரண்டு பேரும் என் பெல்ட்டைப் பார்த்தார்கள். ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்துக்கொண்டு நானும் பார்த்தேன்.

"கைதவறிக் கீழ போட்டது நான்," என்றார் அந்தப் பெண். கணவரைப் பார்த்துத்தான் சொன்னார். "உங்ககிட்ட சொல்லப் பயந்துட்டேன். நீங்க திட்டுவீங்கன்னு இல்லை. பதினோரு வருஷம்னு சொல்லுவீங்களே, அது போயிடுமேன்னு."

சாணைக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"பிளேடைக் குடுத்ததும் புள்ளி அடிச்சதும் நான்," என்றார் அண்ணன்காரர், எல்லோரையும் பார்த்து. "இவனுக்கு எதுவும் தெரியாது. திட்டுறதா இருந்தா என்னைத் திட்டுங்க."

சாணைக்காரர் எழுந்தார். பலகைகளுக்கு நடுவில் நடந்து வந்து, மேஜையில் இருந்த உடைந்த பிளேடை எடுத்தார். எஃகுத் தட்டின் தடிமனைவிடப் பல் அகலம். எங்கே படுக்க வைத்தாலும் பிளேடு தன் பல்லின் மேல்தான் படுக்கும். அவர் அதைத் திருப்பி, நெல்மணிக் கீறல்களை விரலால் தடவினார். பிறகு தலையை நிமிர்த்தி, ஆறு வருடத்துக்குப் பிறகு முதல் தடவையாக அண்ணனைப் பார்த்துப் பேசினார்.

"இரும்பு மேலயா வெச்சு அடிச்ச?"

"ஆமா."

"அந்தச் சுத்தியலாலயா?"

"என்கிட்ட அதுதான் இருக்கு."

"பல்லு விரிசல் விடும்ணே! கீழ கட்டை வெக்கணும். இத்தனை வருஷமா பிளேடு விக்கிற, இதுகூடத் தெரியாதா?"

"கட்டை வெக்கிறவன் நீதானே. நான் வித்ததோட சரி." அண்ணன்காரரின் பெரிய உடம்பு கொஞ்சம் சின்னதானது. "நீ பேசறதே இல்லை. எனக்கு யாருடா சொல்லுவா?"

முதலாளிகூட வழக்கமான உயரத்துக்கு இறங்கிவிட்டார்.

சாணைக்காரர் மெஷின்காரரிடம் போனார். ஆறு தையலையும் அருகில் நின்று பார்த்தார். "என் வீட்லருந்து வந்த பிளேடு. யாரு கைதவறினாலும் பொறுப்பு என்னுதுதான். மன்னிச்சுக்கோங்க," என்றார்.

"தையல் பிரிச்சதும் உங்ககிட்டதான் பிளேடு வரும்," என்றார் மெஷின்காரர். "ஆனா இனிமே மாட்டுறதுக்கு முன்னாடி பல்லைப் பார்ப்பேன்."

சங்கத்தின் முடிவு என்ன ஆனது என்று யாரும் கேட்கவில்லை. ஆட்கள் ஒவ்வொருவராக டிராயரை ஆட்டிப்பார்க்கக் கிளம்பினார்கள். முதலாளி மட்டும் தொண்டையைச் செருமி, "எல்லாம் சரி, என் பிளேடு எங்க?" என்றார்.

அந்தப் பெண் துணிப்பையிலிருந்து எடுத்து நீட்டினார். முதலாளி ஐந்து பல் போன இடத்தைப் பார்த்துவிட்டு, "இதை இனிமே தூக்கித்தான் போடணும்," என்றார்.

"தூக்கிப் போட வேணாம்," என்றார் தம்பி.

"புதுசும் வேணாம்," என்றார் அண்ணன்.

இரண்டும் ஒரே நேரத்தில் வந்தது. இருவரும் சங்கடமாக நின்றார்கள். சாணைக்காரர் பிளேடைத் தன் சட்டையில் துடைத்தார். போன பற்களை இரண்டு தடவை எண்ணினார், கணக்கு மாறப்போவது மாதிரி.

"கடையில கார்பைடு முனை இருக்கா?" என்று கேட்டார், பிளேடைப் பார்த்துக்கொண்டே.

"எத்தனை?"

"அஞ்சு."

"இருக்கு," என்றார் அண்ணன். "பத்தவெக்க நீ வருவியா, நான் கொண்டு வரட்டுமா?"

"நானே வர்றேன். அந்த இரும்பு மேடை மேல ஒரு கட்டையும் போடணும்."

இருவரும் முன்னும் பின்னுமாக வெளியே போனார்கள். அந்தப் பெண் பின்னால் போனார். நான் ஒரு கையால் பேன்ட்டைப் பிடித்தபடி, மறு கையை முதலாளியிடம் நீட்டி ஸ்கூட்டர் சாவியைக் கேட்டேன்.